ஒட்டுமுள் வந்த வழி

அவருக்கு நிபுணர் என்று பெயர் வைத்தது பக்கத்துப் பண்ணைக்காரர்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார். "நிபுணர் வராரு, கதவைச் சாத்து" என்று யாராவது சொன்னால் அவர் காதில் முதல் இரண்டு வார்த்தை மட்டும்தான் விழும்.

ஆடு மேய்கிற நிலத்தில் முளைக்கும் களைகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. எதைப் பிடுங்க வேண்டும், எதை வெட்ட வேண்டும், எதை வெட்டினால் பழிவாங்க இரண்டாகக் கிளம்பும், எதைக் குருத்தாக இருக்கும்போதே ஆட்டை விட்டு மேய வைத்து ஒழிக்கலாம், எல்லாம் அத்துப்படி. தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்வது மட்டும்தான் தெரியாது. வழி கேட்டு நிறுத்துகிற ஆளிடம்கூட, வழி சொல்வதற்கு முன்னால், மண் வெறுமையாகக் கிடந்தால் களை எப்படிக் குடியேறும் என்று தொடங்கிவிடுவார். அந்த ஆள் ஏதோ ஒரு பக்கமாகக் கிளம்பிப் போய்விடுவார்.

சொந்த நிலத்தில் பாதி களையாகக் கிடக்கிறதே என்று கேட்டால் அவரே முந்திக்கொண்டு சிரிப்பார். "பேசவே நேரம் சரியாப் போயிடுது. பிடுங்க எங்க நேரம்?"

இதில் சிகரம் வீட்டுக்குப் பின்னால் இருந்த மாதிரிப் பாத்தி. பார்க்க வருகிறவர்களுக்கு அடையாளம் காட்ட வேண்டும் என்று, கெட்ட களைகளாகப் பொறுக்கி, பாத்தி கட்டி, தண்ணீர் ஊற்றி வளர்த்துவந்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை. சுற்றிலும் கம்பிவலை. ஒரு ஆட்டுக்குட்டிகூட உள்ளே நுழைய முடியாது. அவர் மட்டும் நுழைவார், தினமும் காலையில்.

"ஊர்ல மத்தவங்க ரோஜா வளர்க்கறாங்க" என்பார் மனைவி. "நான் வாக்கப்பட்ட வீட்டுல முள்ளு வளருது. அதுக்கு வேலி வேற."

அன்று காலை தொலைபேசியில் அழைத்தவர் சம்பந்தி. நிபுணரின் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது நடந்து போகிற தூரத்தில், அவரைவிட மூன்று மடங்கு மேய்ச்சல் நிலமும் பத்தில் ஒரு பங்கு பேச்சும் உள்ள மனிதரின் வீட்டில். சம்பந்தி வாயைத் திறப்பதே அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போய், அந்த மௌனத்தின் மேல் நிபுணர் தன் அறிவையெல்லாம் கொட்டிவிட்டு வருவார். சம்பந்தி எதையும் காதில் வாங்கியதற்கான அடையாளமே இருக்காது.

அப்படிப்பட்டவர் இன்று தானாகப் பேசினார். "கம்பளி திரும்பி வந்துடுச்சு சம்பந்தி. பூராவும் முள்ளு. முள்ளு இல்லாத கம்பளி இருந்தா கூப்பிடுங்கன்னு வியாபாரி சொல்லிட்டுப் போயிட்டாரு."

"என்ன முள்ளு?"

"ஒட்டுமுள்."

நிபுணருக்குத் தெரியும். காய்ந்தால் உடம்பெல்லாம் கொக்கியாக நிற்கும் சின்னக் காய். கம்பளியைக் கண்டால் விடாது. ஆட்டின் மேல் ஏறிவிட்டால் பிய்த்து எடுப்பதற்குள் கம்பளி கந்தலாகிவிடும்.

"மருமக அந்தக் கறுமூஞ்சி ஆடுகளைக் கொண்டுவந்த வருஷம்தான் இதுவும் வந்தது" என்றார் சம்பந்தி. "அதுங்கதான் கொண்டாந்திருக்கணும். இன்னிக்கே லாரி வருது, ஏத்திவிட்டுடலாம்னு இருக்கேன். ஆனா அவ மனசு கஷ்டப்படும். அதனால நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க. இந்த விஷயத்துல உங்களைவிட யாருக்குத் தெரியும்? உங்க பொண்ணோட ஆடுங்கறதுக்காக வளைச்சுப் பேச மாட்டீங்க. நீங்க சொல்றதுதான் தீர்ப்பு. எது கொண்டுவந்துச்சோ அது இந்த நிலத்துல இருக்கக் கூடாது."

ஃபோனை வைத்தபோது நிபுணருக்கு இரண்டு உணர்ச்சிகள். ஒன்று மகளை நினைத்த பயம். தூரத்துச் சந்தைக்குத் தனியாகப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிவந்த ஆடுகள் அவை. தாய் ஏற்காத குட்டிகளைச் சமையலறை அடுப்போரத்தில் வைத்து, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். புகுந்த வீட்டில் 'என்னுடையது' என்று அவள் சொல்வது அவற்றை மட்டும்தான். இன்னொரு உணர்ச்சி, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம். சம்பந்தி தன்னிடம் கேட்டுவிட்டார்!

"என்னவாம்?" என்றார் மனைவி.

"என்னைக் கூப்பிடறாங்க."

"நீங்கதான் கூப்பிடாமலே போறவராச்சே. எதுக்கு அவருக்கு வீண் செலவு?"

விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாளின் கேலி நின்றது. "போய் அவ ஆட்டைக் காப்பாத்திட்டு வாங்க. பேசறதைக் குறைச்சுக்கோங்க. காப்பாத்திட்டு வாங்க, அது போதும்."

மனைவி பின்னிக் கொடுத்த தடித்த கம்பளி சாக்ஸை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டார். ஒப்பிட்டுக் காட்ட ஒரு மாதிரி வேண்டுமே என்று பாத்திக்குள் புகுந்து, நன்றாக முற்றிய ஒட்டுமுள் கிளை ஒன்றை ஒடித்துக் காகிதத்தில் சுற்றினார். குறுக்குவழியில் நடந்து, வழக்கம்போல் சின்னக் கதவைத் திறந்துகொண்டு சம்பந்தியின் நிலத்துக்குள் காலை வைத்தார்.

நான்கு பேரும் காத்திருந்தார்கள். சம்பந்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சம்பந்தியம்மா ஃபிளாஸ்க்கோடு நின்றார். மாப்பிள்ளை, அப்பாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் எவ்வளவு தள்ளி நின்றால் யார் பக்கமும் இல்லாமல் இருக்கலாமோ அவ்வளவு தள்ளி நின்றார். மகள் பட்டியின் அருகே இருந்தாள். பட்டிக்குள் அவளுடைய கறுமூஞ்சிகள், தங்களைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"வாங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். அழுத முகமாகத் தெரியவில்லை. அழுது முடித்த முகமாகத் தெரிந்தது.

"கவலைப்படாதே" என்றார் நிபுணர். "களை பொய் சொல்லாது. எங்க முளைச்சிருக்குன்னு பார்த்தாலே யாரு கொண்டாந்ததுன்னு சொல்லிடலாம். தடம் போட்டு வச்சிருக்கும்."

முதலில் பட்டியைச் சுற்றிப் பார்த்தார். மண்டிபோட்டுப் பார்த்தார். ஒரு செடிகூட இல்லை. கறுமூஞ்சிகள் படுக்கிற இடம், உரசிக்கொள்கிற கம்பம், பட்டியிலிருந்து வெளியே போகிற பாதை, எங்கேயும் இல்லை.

"பாருங்க!" என்று எழுந்தார். குரலில் வெற்றி. "ஆடு கொண்டாந்திருந்தா முதல்ல இங்கதானே உதிர்ந்திருக்கணும்? இதுங்க இல்லை சம்பந்தி. வேற ஏதோ ஒண்ணு."

"எது?"

"கண்டுபிடிச்சுடறேன். இருங்க."

அத்தோடு நிறுத்தியிருந்தால் நிபுணர் ஆகியிருக்க மாட்டார். துப்பறிகிறவர் மாதிரி குனிந்தபடியே கிளம்பினார். மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள்.

முதல் கூட்டம் சின்னக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. இடுப்பளவு வளர்ந்து, காயும் வைத்திருந்தது. "ஆக, இந்த வழியாத்தான் உள்ள வந்திருக்கு" என்றார். அங்கிருந்து ஒரு கோடு மாதிரி ஒன்றிரண்டு செடிகள். அந்தக் கோடு தண்ணீர்த் தொட்டிவரை போய், அங்கே மறுபடியும் பெரிய கூட்டமாக அடர்ந்தது. "கவனிங்க, இந்தப் பிராணி இங்க கொஞ்ச நேரம் நின்னிருக்கு."

தொட்டியைப் பார்த்தார். மனசில் ஏதோ இடித்தது. தொட்டியைச் சுற்றி ஆடுகள் மிதித்து மண் வெறுமையாகிறது, கல் பரப்புங்கள் என்று போன கோடையில் இதே இடத்தில் நின்று சம்பந்திக்கு விளக்கியது ஞாபகம் வந்தது. நீண்ட விளக்கம்.

கோடு கொட்டகைப் பக்கம் திரும்பியது. கொட்டகை வாசலில் செடிகள் கொஞ்சம்தான். கம்பளி கத்தரிக்கும் முன்னால் ஆடுகளை எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு ஞாயிறு இங்கேதான் தொடங்கியிருந்தார். டீ ஆறுது என்று சம்பந்தியம்மா வந்து பேச்சை வெட்டிவிட்டார். அதனால் செடியும் கொஞ்சம்.

நிபுணரின் நடை மெதுவாகியது.

அடுத்து வேலி மூலை. புல்லை ஒட்ட மேய விடாதீர்கள், புல் உயரமாக இருந்தால் களை தலைதூக்காது என்ற பேச்சு. அரை மணிக்குக் குறையாது. அரை மணிக்கு உண்டான செடிகள் அங்கே நின்றன.

கடைசியில் மரத்தடிக் கல். ஞாயிறுதோறும் அவர் டீ குடிக்கிற கல். அங்கே உட்கார்ந்துதான் பெரிய பேச்சுகளெல்லாம். கல்லைச் சுற்றி ஒட்டுமுள் காடாக நின்றது. நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது, அவருக்காகவே ஒதுக்கி வைத்த மாதிரி. பேசுகிற மும்முரத்தில் இத்தனை ஞாயிறும் அது அவர் கண்ணில் படவே இல்லை.

நிபுணர் அந்தக் கல்லில் உட்கார்ந்தார். மனசு எங்கேயோ ஓட, விரல்கள் பழக்க தோஷத்தில் சாக்ஸில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பக்கத்தில் போட்டன. மூன்றாவது முள்ளைப் போடும்போதுதான் தன் விரல்களைத் தானே பார்த்தார்.

அட மடையா என்று சொல்லிக்கொண்டார். பாத்தியில் மிதித்து, கம்பளி சாக்ஸில் ஏற்றி, ஞாயிறு தவறாமல் சுமந்துவந்து, களையை ஒழிப்பது எப்படி என்று பேசிக்கொண்டே அதை விதைத்துவிட்டுப் போயிருக்கிறாய். விதைக்கும் கருவிகூட இவ்வளவு ஒழுங்காக விதைக்காது. இந்த மூளைக்கு இவ்வளவு பெரிய தலை வேறு.

"என்ன சம்பந்தி? எதுன்னு தெரிஞ்சுதா?"

நிபுணர் நிமிர்ந்து பார்த்தார். இந்த மனிதரின் எதிரில் போயா இதை ஒப்புக்கொள்வது? வாழ்க்கையில் முதல்முறையாக இவர் தன்னிடம் ஒன்றைக் கேட்டிருக்கும் இன்றைக்கா?

"பறவையா இருக்கலாம்" என்றார்.

"பறவை இந்த முள்ளுகிட்டயே போகாதுன்னு சொன்னீங்களே."

"சொன்னேனா?"

"அந்த வேலி மூலையில நின்னு சொன்னீங்க."

"அப்போ... காத்து."

"இது பறக்கிற விதை இல்லை, ஏறி வர்ற விதை. ஏதாவது ஒண்ணு மேல தொத்திக்கிட்டுத்தான் வரும். அதுவும் நீங்க சொன்னதுதான்."

"மழைத் தண்ணி?"

"நம்ம நிலம் மேடு. தண்ணி இங்கேர்ந்து உங்க பக்கம்தான் ஓடும். போன மழைக்கு நீங்களே குச்சியால மண்ணுல கோடு போட்டுக் காட்டினீங்க."

நிபுணர் சம்பந்தியைப் புதிதாகப் பார்த்தார். இந்த மனிதர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! இத்தனை ஞாயிறும், சுவரிடம் பேசுகிறோம் என்று நினைத்ததெல்லாம், வரிக்கு வரி அங்கே சேமிப்பில் இருந்திருக்கிறது. ஒரு பேச்சாளனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அதைப் போய் இப்படி ஒரு நேரத்திலா கொடுப்பது?

"ஆக, கால் உள்ள ஏதோ ஒண்ணு மேல ஏறித்தான் வந்திருக்கணும்" என்றார் சம்பந்தி. குரலில் கோபமில்லை, சலிப்புதான் இருந்தது. "சுத்திச் சுத்திப் பார்த்தாலும் புதுசா வந்தது அந்த ஆடுங்கதான். பட்டிக்கிட்ட முளைக்கலைன்னா, மேயப் போன இடத்துல உதிர்ந்திருக்கும். லாரி வரட்டும். வேற வழி தெரியலை."

தூரத்தில் மண்பாதையில் லாரியின் சத்தம் கேட்டது.

நிபுணர் மகளைப் பார்த்தார். அவள் லாரியைப் பார்க்கவில்லை. ஆடுகளையும் பார்க்கவில்லை. அப்பாவின் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கண்ணைப் பார்த்து, யாருக்கும் தெரியாதபடி, வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ தெரிந்திருக்கிறது. புகுந்த வீட்டார் முன்னால் அப்பா தலைகுனியக் கூடாது என்று, அடுப்போரத்தில் வளர்த்த குட்டிகளை லாரியில் ஏற்றிவிடத் தயாராக நிற்கிறாள்.

நிபுணர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விதம்தான், பேச்சு. அதிலேயே தொடங்கினார்.

"எல்லாரும் கவனிக்கணும். இந்த முள்ளைக் கொண்டாந்த பிராணியைக் கண்டுபிடிச்சுட்டேன். அடையாளம் சொல்றேன். ஆட்டு ஜாதிதான், ஆனா கால் ரெண்டு. முழங்கால்வரைக்கும் கம்பளி. மேல போகப் போக முடி குறைஞ்சுக்கிட்டே போகும், உச்சியில ஒண்ணுமே இருக்காது."

மாப்பிள்ளை இரும ஆரம்பித்தார்.

"வாரத்துக்கு ஒரு தடவை அந்தச் சின்னக் கதவு வழியா உள்ள வரும். தொட்டிக்கிட்ட நிக்கும், மூலையில நிக்கும், கடைசியில இந்தக் கல்லு மேல வந்து உக்காரும். டீ குடிக்கும். மேயறது கம்மி, கத்தறது ஜாஸ்தி. கத்திக்கிட்டே கால்ல இருக்கிற முள்ளை எடுத்து எடுத்துக் கீழ போடும். போடறதே அதுக்குத் தெரியாது, ஏன்னா அது அப்போ களையை ஒழிக்கறது எப்படின்னு பேசிக்கிட்டிருக்கும்."

பேச்சு அதுவரைதான் வந்தது. சட்டைப் பையிலிருந்த காகிதச் சுருளை எடுத்துச் சம்பந்தியின் கையில் வைத்தார். "என் வீட்டுப் பாத்தியில வளர்க்கறேன், தண்ணி ஊத்தி. நான்தான் கொண்டாந்தேன். அவ ஆடுங்க மேல தப்பே இல்லை. அதுங்களை விட்டுடுங்க."

சம்பந்தி காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். தொட்டியை, கொட்டகையை, வேலி மூலையை வரிசையாகப் பார்த்தார். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று நிபுணர் பயந்துபோனார். சிரிப்பு! பழக்கமில்லாத ஆள் சிரித்தால் அப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது. இரும்புக் கதவைத் திறக்கிற சத்தத்தோடு வந்தது.

"கொட்டகை வாசல்ல ஏன் கம்மி?" என்று கேட்டார், மூச்சு வாங்கிக்கொண்டு.

"சம்பந்தியம்மா டீ ஆறுதுன்னு கூப்பிட்டுட்டாங்க."

"அடி, உன் டீயாலதான்டி அந்த இடம் பிழைச்சுது!"

"நான் சீக்கிரம் கூப்பிடணும்னுதான் பார்ப்பேன்" என்றார் சம்பந்தியம்மா. "சம்பந்தி மனசு நோகுமேன்னு விட்டுடுவேன். விட்டிருக்கக் கூடாது."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே வரும்.

லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கினார். "எத்தனை உருப்படி ஏத்தணும்?"

சம்பந்தி நிபுணரைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாக அளந்தார். "ஒண்ணே ஒண்ணுதான். வயசானது. சத்தம் போடும்."

"எங்க இருக்கு?"

"இருங்க, தீர்ப்பு இன்னும் முடியலை." நிபுணர் பக்கம் திரும்பினார். "எது கொண்டுவந்துச்சோ அது இந்த நிலத்துல இருக்கக் கூடாதுன்னு சொன்னேன், இல்லையா?"

நிபுணரின் முகம் சுருங்கியது. "சொன்னீங்க." நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. தொலைபேசியில் மகளோடு பேசலாம். அவள் ஆடுகள் தப்பித்துவிட்டன. அது போதும் என்றுதான் மனைவியும் சொன்னார்.

"இந்த முள்ளுக்குள்ள எத்தனை விதை?" என்று சம்பந்தி கேட்டார்.

"ரெண்டு." இந்த நிலையிலும் வாய் தானாகப் பதில் சொன்னது. "ஒண்ணு சீக்கிரம் முளைச்சுடும். இன்னொண்ணு மண்ணுக்குள்ள தூங்கிட்டு அடுத்த வருஷமோ அதுக்கப்புறமோ எழுந்திரிக்கும். அதனாலதான் ஒரே வருஷத்துல ஒழிக்க முடியாது. காய் முத்தறதுக்கு முன்னால வேரோட பிடுங்கணும், வருஷா வருஷம் அதே இடத்துக்கு வந்து..." நிறுத்திக்கொண்டார்.

"வருஷா வருஷம் யாரு வந்து பிடுங்கறது? எனக்கு நேரமில்லை. என் பையனுக்குச் செடி அடையாளம் தெரியாது."

"தெரியாது" என்று மாப்பிள்ளை அவசரமாக ஒப்புக்கொண்டார். அன்று அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

"அப்போ கொண்டாந்த பிராணியே வந்து பிடுங்கட்டும். கடைசி முள்ளு ஒழியறவரைக்கும். ஆனா கம்பளி சாக்ஸோட கதவைத் தாண்டக் கூடாது. வீட்டுல அந்தப் பாத்தி இருக்கக் கூடாது. பிடுங்கற நேரத்துல பேசக் கூடாது."

"பேசவே கூடாதா?"

"டீ குடிக்கும்போது பேசலாம்" என்றார் சம்பந்தி. சற்றுத் தயங்கிவிட்டு, பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு சொன்னார். "பேசாம வந்துட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

ஓட்டுநர் வெறும் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார். எதை ஏற்ற வந்தோம் என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

புதிதாக வரும் ஆட்டைத் தனியாக நிறுத்தி, சுத்தம் செய்த பிறகுதான் மந்தையில் விட வேண்டும் என்று நிபுணரே பல தடவை சொல்லியிருந்ததால், அவரைக் காலிப் பட்டி ஒன்றில் உட்கார வைத்தார்கள். மகள் ஆட்டுக்குச் சீவுகிற சீப்பை எடுத்துவந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். சாக்ஸைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தகர டப்பாவில் போட்டாள். பக்கத்துப் பட்டியிலிருந்து ஒரு கறுமூஞ்சி கம்பி இடுக்கில் தலையை நீட்டி நிபுணரின் வழுக்கையை முகர்ந்து பார்த்தது.

"ஏண்டி, தெரிஞ்சும் சொல்லலை?" என்று கேட்டார்.

"சொன்னா நீங்க வரதை நிறுத்திடுவீங்க."

நிபுணரின் வாய் சும்மா இருந்தது. மகள் ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் முள்ளெடுக்கக் குனிந்தாள்.

"அப்பா, இது முழுசா ஒழிய எத்தனை வருஷம் ஆகும்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். தொட்டி, மூலை, கொட்டகை, கல். மனசுக்குள் கணக்குப் போட்டார். முகத்தில் முடிந்த அளவு வருத்தத்தை வரவழைத்துக்கொண்டார்.

"ரொம்ப வருஷம் ஆகும்மா" என்றார்.